ஐந்து டாலர் கணக்கு: ஃபுகாசியின் கச்சேரிப் பதிவுக் காப்பகம்

அரசியல் பேசும் ராக் இசைக்குழு ஒன்றை எவரேனும் மெச்சத் தொடங்கினால், சற்று நேரத்துக்குள் இன்னொருவர் அந்தக் குழுவின் வரிக் கணக்கையோ டிக்கெட் விலையையோ எடுத்துப் போட்டுவிடுவார். அவர் சொல்வதிலும் பெரும்பாலும் நியாயம் இருக்கும். ஏழை நாடுகளின் கடனைத் தள்ளுபடி செய்யும்படி உலகத் தலைவர்களிடம் வாதாடிய பாடகரைக் கொண்ட யூ2 குழு, கலைஞர்களுக்கான வருமான வரி விலக்குக்கு அயர்லாந்து அரசு உச்சவரம்பு விதித்ததும், 2006-இல் தன் பாடல் உரிமை வணிகத்தை நெதர்லாந்துக்கு மாற்றிக்கொண்டது. இயந்திரத்தின் மீதான சினத்தையே பெயராகச் சூட்டிக்கொண்ட ரேஜ் அகெய்ன்ஸ்ட் தி மெஷினின் தொகுப்புகள், 1992-இல் வந்த முதல் தொகுப்பு முதற்கொண்டு, சோனி நிறுவனத்தின் எபிக் முத்திரையோடுதான் கடைக்கு வந்தன. இந்த வழக்குகளில் கேட்பவர் கையில் இருப்பவை பாடல் வரிகளும் செய்தித் துணுக்குகளும் மட்டுமே. வரவு செலவுப் புத்தகம் எவர் கையிலும் இருப்பதில்லை. நான் அறிந்த வரையில், தன் புத்தகத்தின் பல பக்கங்களைத் தானே பிரித்துக் காட்டியிருக்கும் குழு ஒன்றுதான். அந்தப் பக்கங்கள் இசைப் பதிவு விற்கும் ஒரு சேவையின் வடிவில் கிடைக்கின்றன என்பதால், அந்தச் சேவையையே இங்கே மதிப்பிட எடுத்துக்கொள்கிறேன்.

அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் உருவான ஃபுகாசி, 1987 முதல் 2002 வரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட கச்சேரிகளை நடத்திய பங்க் (வேகமும் முரட்டு ஒலியும் கொண்ட ராக் வகை) இசைக்குழு. இயன் மக்காய், கய் பிச்சோட்டோ, ஜோ லாலி, பிரெண்டன் கான்ட்டி ஆகிய நால்வரும் அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும் பல வெளிநாடுகளிலும் வாசித்திருக்கிறார்கள். அவற்றுள் 800-க்கும் மேற்பட்ட நிகழ்ச்சிகளைக் குழுவின் ஒலிப்பொறியாளர்களே பதிவு செய்து வைத்திருந்தார்கள். மக்காய் தன் நண்பர்களோடு 1980-இல் தொடங்கிய டிஸ்கார்ட் ரெக்கார்ட்ஸ் நிறுவனம் (இன்று இதே ஒலியில் வழங்கும் அரட்டைச் செயலிக்கும் இதற்கும் தொடர்பில்லை) அந்தப் பதிவுகளைத் தரவிறக்கம் செய்துகொள்ளும்படி 2011 டிசம்பரில் ஒரு காப்பகத்தைத் திறந்தது. தொடக்கத்தில் 130 நிகழ்ச்சிகள் இருந்தன; பின்னர் மற்றவை தொகுதி தொகுதியாகச் சேர்க்கப்பட்டன. ஒரு கச்சேரியின் பதிவுக்கு அவர்கள் எதிர்பார்த்த விலை 5 டாலர். ஆனால் 1 டாலர் முதல் 100 டாலர் வரை எந்தத் தொகையை வேண்டுமானாலும் வாங்குபவரே நிர்ணயித்துக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. காப்பகம் முழுவதும் வேண்டுமென்பவருக்கு 500 டாலர்.

நான் இதுவரை ஆறு பதிவுகளை வாங்கியிருக்கிறேன். முதல் முறை என் வங்கி அட்டை வெளிநாட்டுக் கடைக்குப் பணம் செலுத்த மறுத்துவிட்டது. அந்த வசதியை இயக்கச் சொல்லி வங்கியோடு ஒரு மாலைப் பொழுது மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. அதில் விற்பவர் பிழை ஏதுமில்லை. மறுநாள் விலைக் கட்டத்தில் 1 என்று நிரப்பப் போன விரல் ஏனோ தயங்கியது. கேட்பவர் எவருமில்லை, பார்ப்பவர் எவருமில்லை, இருந்தும் 5 என்றே நிரப்பினேன். நம் பணத்தில் நானூறு ரூபாய்க்குச் சற்று மேல்.

இந்தச் சேவையில் விலை கொடுத்து வாங்குவது இசையைத்தான் என்றாலும், விலையின்றிக் கிடைக்கும் பக்கங்கள்தாம் எனக்கு அதிகம் பயன்பட்டன. ஒவ்வொரு கச்சேரிக்கும் தனிப் பக்கம் உண்டு. நாள், ஊர், அரங்கின் பெயர், வாசலில் வசூலித்த கட்டணம், வந்தவர்களின் எண்ணிக்கை, பதிவு செய்தவர் யார், மூலப் பதிவு கேசட்டா டிஜிட்டல் நாடாவா, ஒலித்தரம் எப்படி என்று வரிசையாக எழுதியிருக்கிறார்கள். கிடைத்த இடங்களில் அன்றைய சுவரொட்டி, புகைப்படங்கள் ஆகியவற்றோடு, நேரில் கேட்டவர்கள் பின்னாளில் எழுதி வைத்த நினைவுகளும் இருக்கின்றன. அந்தக் குழுவினர் இவற்றை நினைவுப் பொருள்களாக எண்ணித்தான் சேர்த்திருக்க வேண்டும். ஆனால் கொள்கைக்கும் நடப்புக்கும் உள்ள தூரத்தை அளக்க வருபவருக்கு இதைவிட நல்ல அளவுகோல் வாய்ப்பது கடினம், ஏனெனில் ஃபுகாசியின் அரசியலில் பெரும்பங்கு அந்தக் கட்டண வரியில்தான் அடங்கியிருந்தது.

அவர்களின் நிலைப்பாடு எளிமையானது. கச்சேரிக்கு 5 டாலருக்கு மேல் வாங்குவதில்லை. எந்த வயதினருக்கும் அனுமதி உண்டு. குழுவின் பெயர் பொறித்த சட்டை, தொப்பி முதலியவற்றை விற்பதில்லை. பெரிய இசை நிறுவனங்களோடு ஒப்பந்தம் இல்லை. மது, புகையிலை விளம்பரங்கள் வாங்கும் ரோலிங் ஸ்டோன் போன்ற இதழ்களுக்குப் பேட்டி இல்லை. இவற்றுள் முதலாவதைப் பக்கம் பக்கமாகப் புரட்டிச் சரிபார்க்கலாம். நான் ஓர் ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அப்படித்தான் செலவிட்டேன். ஐந்து என்பதே திரும்பத் திரும்ப வருகிறது. பிற்காலப் பக்கங்களில் சில இடங்களில் ஆறும் ஏழும் தலைகாட்டுகின்றன. கடல் கடந்த ஊர்களில் அந்தந்த நாட்டுப் பணத்தில் எழுதியிருக்கிறார்கள். பதினைந்து ஆண்டுகளில் பெட்ரோல் முதல் அரங்க வாடகை வரை எல்லாம் ஏறிய ஒரு நாட்டில் இந்த நகர்வை நான் கொள்கைப் பிறழ்வாகக் கருத மாட்டேன். ஐந்து என்ற எண்ணை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டிருப்பவர்கள் வேறு விதமாகச் சொல்லக்கூடும். சொந்த ஊரான வாஷிங்டனில் அவர்கள் நடத்தியவை இலவசக் கச்சேரிகள், போராட்ட மேடைகள், அல்லது ஏதேனும் ஒரு பொதுக் காரியத்துக்கு நிதி திரட்டும் நிகழ்ச்சிகள். பாசிட்டிவ் ஃபோர்ஸ் என்ற உள்ளூர்ச் செயற்பாட்டாளர் குழுவோடு சேர்ந்து பலவற்றை நடத்தியிருக்கிறார்கள். வாஷிங்டன் கைதிகள் அடைக்கப்பட்டிருந்த லார்ட்டன் சிறைச்சாலைக்குள் 1990 டிசம்பர் 26 அன்று வாசித்தார்கள். பதினேழு நாள் கழித்து, 1991 ஜனவரி 12 அன்று, வெள்ளை மாளிகைக்கு எதிரே இருக்கும் லஃபாயெட் பூங்காவில், கடுங்குளிரில், வரவிருந்த போரை எதிர்த்து வாசித்தார்கள். அந்த வாரத்திலேயே ஈராக் மீது குண்டுகள் விழத் தொடங்கின. பாட்டால் போர் நின்றுவிடவில்லை. ஆனால் பாடியவர்கள் எங்கே நின்றார்கள் என்பதற்குத் தேதியும் இடமும் இருக்கின்றன.

இந்தக் கட்டணம் எப்படிக் கட்டுப்படியாயிற்று என்பதுதான் என்னை அதிகம் ஈர்த்த கேள்வி. துறவு மனப்பான்மை என்று பலர் விடை சொல்வார்கள். மக்காய் மதுவும் புகையும் தொடாதவர் என்பதால் அந்த விடை எளிதாக ஒட்டியும் கொள்கிறது. காப்பகத்துப் பக்கங்களோ வேறு விடையைத் தருகின்றன. எண்ணூறு பேர் வந்த அரங்கில் ஆளுக்கு 5 டாலர் என்றால் மொத்த வசூல் 4,000 டாலர். வழக்கமான ராக் சுற்றுப்பயணத்தில் மேலாளர், நிகழ்ச்சி முகவர், விளக்கு அலங்காரக் குழு, பேருந்து, ஓட்டல் என்று பங்கு பிரிந்து போனால் இந்தத் தொகை சாயங்காலத்துக்குள் கரைந்துவிடும். ஃபுகாசிக்கு மேலாளர் இல்லை, முகவர் இல்லை. தொலைபேசியை எடுத்து அரங்குகளைப் பேசி முடித்தவர் மக்காய்தான். ஒரு வேனில் கருவிகளோடு தாங்களும் ஏறிக்கொண்டு, பல ஊர்களில் நண்பர்கள் வீட்டுத் தரையிலேயே படுத்தெழுந்து பயணம் செய்தார்கள். மேடையில் விளக்கு வித்தை கிடையாது. இசைத்தட்டுத் தரப்பிலும் இதே கதைதான்: டிஸ்கார்ட் தன் குழுக்களோடு எழுத்து ஒப்பந்தம் போடுவதில்லை, செலவு போக மிஞ்சும் இலாபத்தைப் பாதிக்குப் பாதி பிரித்துக்கொள்கிறது. ஆக, அந்த 5 டாலர் தியாகத்தின் விலை அன்று. இடைத்தரகர் எவரும் இல்லாத ஒரு தொழிலின் அடக்க விலை.

வயது பற்றிய நிபந்தனையிலிருந்தும் ஒன்று கிளைத்தது. அமெரிக்க இரவு விடுதிகள் மது விற்பனையில்தான் பிழைப்பு நடத்துகின்றன; சட்டப்படி மது அருந்தும் வயது 21 என்பதால், பதினாறு வயதுச் சிறுவனையும் சிறுமியையும் பல விடுதிகள் உள்ளே விடுவதில்லை. எல்லா வயதினருக்கும் அனுமதி என்ற நிபந்தனையோடு போனால் பாதிக் கதவுகள் மூடிக்கொள்ளும். எனவே காப்பகத்தின் அரங்குப் பெயர்களில் தேவாலயக் கூடங்களும் பள்ளி, கல்லூரி மண்டபங்களும் சமுதாயக் கூடங்களும் மலிந்திருக்கின்றன. கொள்கை என்று அறிவித்த ஒரு வரி, எந்த ஊரில் எந்தக் கட்டடத்தில் எப்படிப்பட்ட கூட்டத்துக்கு முன் வாசிப்பது என்பதையே தீர்மானித்துவிட்டதை, இந்தப் பட்டியலைப் பார்க்கும்வரை நான் சரியாக உணர்ந்திருக்கவில்லை.

ஒப்பீட்டுக்குப் பேர்ல் ஜாம் குழுவை நினைத்துக்கொள்ளலாம். டிக்கெட்மாஸ்டர் நிறுவனம் டிக்கெட் விற்பனையில் ஏகபோகம் செலுத்துகிறது என்று அவர்கள் 1994-இல் அமெரிக்க நீதித் துறையிடம் புகார் கொடுத்து, அவ்வாண்டு ஜூன் 30 அன்று நாடாளுமன்றத் துணைக் குழு முன்பும் சாட்சி சொன்னார்கள். டிக்கெட் 20 டாலருக்குள்ளும் சேவைக் கட்டணம் 1.80 டாலருக்குள்ளும் இருக்க வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. மறு ஆண்டு ஜூலையில் நீதித் துறை விசாரணையைக் கைவிட்டது. அந்த நிறுவனத்தின் பிடிக்குள் வராத பெரிய அரங்குகளைத் தேடித் தேடிக் களைத்த குழு, 1998-இல் அதே நிறுவனத்தின் வழியாகவே டிக்கெட் விற்றது. அவர்களின் நேர்மையை நான் ஐயப்படவில்லை. பல்லாயிரம் பேர் கொள்ளும் அரங்கு வேண்டுமென்றால் அந்த அரங்கோடு ஒட்டிப் பிறந்த ஒப்பந்தங்களும் கூடவே வந்துவிடும் என்பதே அங்கே சிக்கல். தி கிளாஷ் குழு 1980 டிசம்பரில் மூன்று இசைத்தட்டுகள் கொண்ட சாண்டினிஸ்டா தொகுப்பை ஒரே தட்டின் விலைக்குத் தர விரும்பி, பிரிட்டனில் முதல் 2,00,000 படிகளுக்கான தங்கள் உரிமைத் தொகையை விட்டுக்கொடுத்தது. பெருந்தன்மையான செயல்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் அது இசை நிறுவனத்தின் பங்கைத் தொடாமல், தங்கள் பையிலிருந்து மட்டும் எடுத்துக் கொடுத்த தள்ளுபடி.

இனி இசைக்கு வருகிறேன். பதிவுகளை வெட்டி ஒட்டி மெருகேற்றாமல், பாட்டுக்கு நடுவே நடந்த பேச்சு, கிதாருக்குச் சுருதி கூட்டும் நேரம், பிசகிய தொடக்கங்கள் எல்லாவற்றையும் அப்படியே விட்டிருக்கிறார்கள். ஃபுகாசி மேடையேறும்போது பாடல் வரிசையை எழுதி வைத்துக்கொள்வதில்லை. ஒருவர் தொடங்க மற்ற மூவரும் பின்தொடர்வார்கள் என்பதால் இரண்டு இரவுகள் ஒன்றுபோல் அமைவதில்லை. இவ்வளவு பதிவுகள் எதற்கு என்று கேட்பவருக்கு இதுவே பதில். அவர்களின் மிகப் பிரபலமான பாடலான வெயிட்டிங் ரூமின் தொடக்கத்தில், லாலியின் பாஸ் கிதார் ஓட்டத்தை மற்றவர்கள் பிடித்துக்கொண்டு ஏறும் தறுவாயில், எல்லாக் கருவிகளும் சட்டென்று நின்று ஒரு மூச்சளவு மௌனம் விழும். இசைத்தட்டில் அது வெறும் மௌனம். கச்சேரிப் பதிவுகளில் அந்த இடைவெளியை ஓர் ஊர் கூச்சலால் நிரப்புகிறது, இன்னோர் ஊர் சீழ்க்கையால் நிரப்புகிறது. சின்னக் கூடமொன்றில் ஒரே ஒருவரின் குரல் மட்டும் தனியாகக் கேட்டு அடங்குகிறது.

பாட்டு பாதியில் நிற்கும் இடங்களும் உண்டு. முன்வரிசையில் முண்டியடித்துப் பிறரை மிதிப்பவர்களையும் மேடையிலிருந்து கூட்டத்தின் தலைமேல் குதிப்பவர்களையும் கண்டால் மக்காய் இசையை நிறுத்திவிட்டு, அந்த நபரை மரியாதையாக ஐயா என்று விளித்தே கண்டிப்பார். அந்த மரியாதை வசவைவிடக் கூடுதலாகச் சுடுகிறது. அப்போதும் அடங்காதவரை வெளியேற்றுவார்கள். வெளியேற்றும்போது அவர் கட்டிய 5 டாலரை உறையில் போட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். அதற்காகவே பணம் வைத்த உறைகளைக் கையோடு கொண்டுசென்றார்கள். முரட்டு வேடம் போட்ட ஒருவரை, சற்று முன் வெளியே சமர்த்தாக ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருந்ததைத் தான் பார்த்ததாகச் சொல்லிப் பிச்சோட்டோ மேடையிலிருந்தே குன்றிப் போக வைத்த காட்சி, ஜெம் கோஹென் எடுத்த ஆவணப்படத்தால் புகழ்பெற்றது. பெண்களும் சிறுவர்களும் நசுங்காமல் நின்று கேட்கக்கூடிய பங்க் கச்சேரி என்பது 1980-களின் இறுதியில் தானாகக் கிடைத்துவிடும் ஒன்றாக இருக்கவில்லை. இருப்பினும் ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். தொடர்ந்து மூன்று நான்கு பதிவுகளைக் கேட்டால் இந்தக் கண்டிப்பு சலிக்கிறது. பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் கூடவே உட்கார்ந்திருப்பது போன்ற உணர்வு எனக்கு இரண்டு முறையேனும் வந்தது.

ஒலித்தரம் ஏற்றத்தாழ்வு உடையது. அதைப் பக்கத்திலேயே வெளிப்படையாக எழுதியும் இருக்கிறார்கள் என்பதால் ஏமாந்தோம் என்று சொல்ல வழியில்லை. பழைய கேசட் பதிவுகளில் நாடா ஒரு பக்கம் தீர்ந்து மறுபக்கம் திருப்பப்படும் இடத்தில் பாட்டு அறுந்துவிடுகிறது. கேசட் காலத்தில் வளர்ந்த எனக்கு அந்த அறுபடல்கூட ஒருவித உறவாகப் பட்டது. என் மகளுக்கு அது பழுதாகப் பட்டது. புதிதாக வருபவர் தர வரிசையில் மேலே இருப்பவற்றிலிருந்து, 1990-களின் பிற்பகுதிக்கும் 2002-க்கும் இடைப்பட்ட பதிவு ஒன்றை முதலில் வாங்குவது நல்லது. ஆர்வம் பிடித்தபின் தொடக்கத்துக்குப் போகலாம். 1987 செப்டம்பர் 3 அன்று வாஷிங்டன் வில்சன் சென்டரில் நடந்த முதல் கச்சேரியின்போது பிச்சோட்டோ குழுவில் இல்லை, மூவராக வாசித்தார்கள். பின்னாளில் நமக்குப் பழகிய அமைப்பு இன்னும் கூடிவராத அந்தக் கட்டத்தைக் கேட்பதில் வேறொரு சுவை இருக்கிறது. ஆறும் ஒரே சுற்றுப்பயணத்திலிருந்து வாங்கியது என் தவறு. ஆண்டுகளைப் பரப்பி எடுத்திருந்தால் கொடுத்த காசுக்கு இன்னும் கூடுதலாகக் கிடைத்திருக்கும்.

கணக்குப் புத்தகம் என்று புகழ்ந்துவிட்டதால், அதில் எழுதாமல் விட்டவற்றையும் சொல்வது முறை. காப்பகம் கட்டணத்தையும் கூட்டத்தையும் காட்டுகிறதே தவிர, கடைசியில் நால்வர் கைக்கும் என்ன வந்தது என்பதைக் காட்டுவதில்லை. கொள்கை சார்ந்த சிக்கல்கள் சிலவும் அந்தப் பத்திகளுக்குள் அடங்குபவை அல்ல. தெருவில் நடக்கும் பெண் படும் தொல்லையை அவள் வாய்மொழியாகவே சொல்லும் சஜெஷன் பாடலை ஆண்கள் மட்டுமே கொண்ட குழு பாடலாமா என்ற கேள்வி அக்காலத்திலேயே எழுந்தது. சில மேடைகளில் பெண்களே வந்து அதைப் பாடினார்கள் என்பது அந்தக் கேள்விக்குப் பாதி விடை.

சட்டை விவகாரம் இன்னும் சுவையானது. ஃபுகாசி சட்டை விற்க மறுத்ததும், இது ஃபுகாசி சட்டை அன்று என்று பொறித்த கள்ளச் சட்டை சந்தைக்கு வந்து நன்றாகவே விற்றது. மக்காயின் முந்தைய குழுவான மைனர் திரெட்டின் தொகுப்பு அட்டையைப் பின்பற்றி 2005-இல் நைக்கி நிறுவனம் அனுமதியின்றி விளம்பரச் சுவரொட்டி அடித்து, எதிர்ப்புக் கிளம்பியதும் மன்னிப்புக் கேட்டது. அதுவரை கதை நேர்கோட்டில் போகிறது. 2013-இல் அதே மைனர் திரெட்டின் பெயர் பொறித்த சட்டை அர்பன் அவுட்ஃபிட்டர்ஸ் கடைகளில் 28 டாலருக்குத் தொங்கியபோது, அது கள்ளச் சரக்கு அன்று, முறையாக உரிமம் பெற்றது என்று தெரியவந்தது. கள்ளச் சட்டைகளைத் துரத்திக்கொண்டிருப்பதிலேயே பொழுது போவதால் அந்தப் பொறுப்பை ஒரு சட்டை நிறுவனத்திடம் ஒப்படைத்துவிட்டதாகவும், அந்த விலை தனக்கே அபத்தமாகத் தெரிவதாகவும் மக்காய் விளக்கினார். விளக்கம் எனக்கு ஏற்புடையதாகவே இருக்கிறது. ஆனாலும் 5 டாலர் கச்சேரியின் மனிதர் பெயரோடு 28 டாலர் சட்டையைச் சேர்த்துப் பார்க்கையில் ஒரு நெருடல் மிஞ்சத்தான் செய்கிறது. அந்த நெருடலை உண்டாக்கும் அளவுக்குத் தன் அளவுகோலைத் தாழ்வாகவும் துல்லியமாகவும் வைத்தவர் அவரேதான்.

கடைசிக் கச்சேரி 2002 நவம்பர் 4 அன்று லண்டன் ஃபோரம் அரங்கில் நடந்தது. அதன்பின் குழு கலைந்துவிட்டதாக அறிவிக்கவுமில்லை, மறுபடி ஒன்றுகூடிப் பெருந்தொகைக்கு மேடையேறவுமில்லை. நான் அடுத்து வாங்க வைத்திருப்பது அந்த லண்டன் பதிவைத்தான். இந்தச் சேவையை முதன்முறை பயன்படுத்துபவர்கள் பணம் கட்டுவதற்கு முன் பத்துப் பதினைந்து பக்கங்களையேனும் புரட்டிப் பார்க்கலாம்; அதற்குக் கட்டணம் இல்லை.